டெல்லிப் பள்ளியில் கேம்ஸ் பீரியட்: அளப்பது எப்படி, சரிசெய்ய வைப்பது எப்படி

டைம்டேபிளில் வாரத்துக்கு ஐந்து கேம்ஸ் பீரியட் போட்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் என்ன விளையாடினாய் என்று கேட்டால், "சார் வரலைம்மா", "மேத்ஸ் மிஸ் எடுத்துக்கிட்டாங்க", "சும்மா உக்காந்திருந்தோம்" என்று பதில் வரும். இதை பி.டி.எம். என்கிற பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் புகாராகச் சொன்னால் கிளாஸ் டீச்சர் பி.இ. சாரை, அதாவது உடற்கல்வி ஆசிரியரைக் காட்டுவார். அவர் பிரின்சிபாலைக் காட்டுவார். பிரின்சிபால் தன் அறையில் பரிசுக் கோப்பைகள் அடுக்கிய அலமாரியைக் காட்டுவார். நானும் இப்படிச் சுற்றி வந்தவள்தான். கடைசியில் எடுபட்டது எண்கள் எழுதிய ஒரு தாள். அந்தத் தாளைத் தயாரிப்பது எப்படி, எந்த மாதம், யாரிடம் கொடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஆர்.கே. புரம், மயூர் விஹார், ஜனக்புரி என்று மாற்றலாகி வந்து இறங்கியிருப்பவர்களுக்கும், புதிதாகப் பள்ளிக் குழுவில் உறுப்பினராகியிருப்பவர்களுக்கும் பயன்படும்.

1. உங்கள் பள்ளி எந்த வகை என்று முதலில் பாருங்கள்

யாரிடம் போக வேண்டும் என்பது இதைப் பொறுத்தது.

டெல்லி அரசுப் பள்ளி என்றால் எஸ்.எம்.சி. என்கிற பள்ளி மேலாண்மைக் குழு இருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதே அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. கேம்ஸ் பீரியடையும் அதில் சேர்க்கச் சொல்லலாம். அரசு உதவி பெறும் பள்ளியிலும் எஸ்.எம்.சி. உண்டு, ஆனால் அங்கே அது ஆலோசனை சொல்லும் குழு மட்டுமே. கேந்திரிய வித்யாலயா என்றால் வி.எம்.சி. என்கிற வித்யாலயா நிர்வாகக் குழு. தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் அது யார் என்று மற்ற பெற்றோருக்குத் தெரியாது. பள்ளி இணையதளத்தில் "மேண்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்" என்று ஒரு பக்கம் இருக்கும். சி.பி.எஸ்.இ. உத்தரவுப்படி எல்லா இணைப்புப் பள்ளிகளும் போட வேண்டிய பக்கம் அது. குழு உறுப்பினர் பட்டியல், வளாகத்தின் பரப்பளவு, ஆசிரியர் எண்ணிக்கை, கட்டண விவரம் எல்லாம் அதிலேயே கிடைக்கும். யாரையும் கேட்காமலே கையில் வரும் முதல் ஆவணம் இதுதான். ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்

பிரின்சிபாலுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அரசுப் பள்ளி என்றால் ஹிந்தியில் கொடுத்தால் வேகமாக நகரும். நம் ஹிந்தி தள்ளாடினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை காட்டித் திருத்திக்கொள்ளலாம். நகலில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். கேட்க வேண்டியவை:

– எல்லா செக்ஷனுக்குமான டைம்டேபிள். உங்கள் பிள்ளையின் வகுப்பு மட்டும் போதாது.
– பி.இ. ஆசிரியர்களின் தகுதி: பி.பி.எட்., டி.பி.எட். போன்ற உடற்கல்விப் பட்டம், டிப்ளமா. வெளியிலிருந்து வரும் கோச் என்றால் போலீஸ் வெரிஃபிகேஷன் நகல்.
– விளையாட்டுப் பொருட்களின் ஸ்டாக் ரெஜிஸ்டர்.
– அரேஞ்ச்மென்ட் ரெஜிஸ்டர்.
– 9 முதல் 12 வரை உள்ள வகுப்புகளுக்கான ஆரோக்கிய, உடற்கல்விப் பதிவேடு.

இதில் நான்காவதை விட்டுவிடாதீர்கள். டீச்சர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கு யாரை அனுப்பினார்கள் என்று தினமும் எழுதும் நோட்டு அது. பெரும்பாலும் முதல் பலி பி.இ. சார்தான். ஆறாம் வகுப்பு சோஷியல் டீச்சர் வரவில்லை என்றால் அவரை அங்கே உட்கார வைப்பார்கள், எட்டாம் வகுப்பின் கேம்ஸ் பீரியட் காற்றில் போய்விடும். டைம்டேபிளில் ஐந்து என்று இருப்பது நிஜத்தில் எத்தனை என்பது இந்த நோட்டில் ஒரு மாதத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். நகல் தர மறுத்தால், ஆபீஸிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். அதற்குப் பல பள்ளிகள் சம்மதிக்கும்.

அரசுப் பள்ளியில் எதுவுமே தரவில்லை என்றால் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்டப்படி மனு) போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. ஆனால் முதல் வாரமே ஆர்.டி.ஐ. போடாதீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் உங்களோடு இயல்பாகப் பேசமாட்டார்கள், பிள்ளையோ இன்னும் சில வருடம் அங்கேதான் படிக்க வேண்டும்.

சி.பி.எஸ்.இ. 2018-19 கல்வியாண்டிலிருந்து 9 முதல் 12 வரை உடற்கல்வியைக் கட்டாயமாக்கி, தினம் ஒரு பீரியட் என்று சொல்லியிருக்கிறது. "பத்தாவதுக்கு போர்டு எக்ஸாம், அதனால் கேம்ஸ் கிடையாது" என்று யாராவது சொன்னால் இதைப் பணிவாக நினைவூட்டுங்கள்.

வாசலில் "ஃபிட் இந்தியா" என்ற மத்திய அரசின் உடல்தகுதி இயக்கத்தின் கொடி தொங்குகிறதா? அது பள்ளி தானே பூர்த்தி செய்து கொடுத்த விவரத்தின் பேரில் கிடைப்பது. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், இரண்டு வெளிவிளையாட்டுக்காவது மைதானம், ஒவ்வொரு செக்ஷனுக்கும் தினம் ஒரு பி.இ. பீரியட், மாணவர்களுக்குத் தினம் 60 நிமிட உடல் இயக்கம் என்று பள்ளி சொல்லியிருக்கும். கொடியைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். பள்ளியே ஒப்புக்கொண்ட வாக்குறுதிப் பட்டியலாக அதைக் கோப்பில் சேருங்கள். பின்னால் உதவும்.

3. ஒரு பீரியடை உட்கார்ந்து எண்ணுங்கள்

இந்த வேலையின் உயிர் இதுதான். மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

முன்கூட்டியே அனுமதி வாங்கி, இரண்டு பெற்றோராகப் போங்கள். போட்டோ, வீடியோ வேண்டவே வேண்டாம். குழந்தைகளைப் படம் எடுத்தால் பேச்சு அதைப் பற்றியே போய்விடும், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு அட்டை, ஒரு பேனா, மணி காட்டும் கடிகாரம் போதும்.

அட்டெண்டன்ஸ் நம்பர் 5, 15, 25, 35 என்று நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள். நன்றாக விளையாடுகிற பிள்ளையின் மேல்தான் கண் போகும், அதைத் தடுக்கத்தான் இப்படி. மணி அடித்த நிமிடத்திலிருந்து (மைதானத்துக்கு வந்த நிமிடத்திலிருந்து எண்ணினால் கணக்கு தப்பும்) நிமிடத்துக்கு ஒருமுறை நாலு பேரையும் பார்த்து ஒரு எழுத்து போடுங்கள்: உட்கார்ந்திருந்தால் உ, நின்றால் நி, நடந்தால் ந, ஓடினாலோ குதித்தாலோ ஓ. 40 நிமிட பீரியடுக்கு ஆளுக்கு 40 எழுத்து. "ஸோஃபிட்" என்ற பெயரில் உடற்கல்வி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறையின் எளிய வடிவம் இது. அவர்கள் சில விநாடிக்கு ஒருமுறை குறிப்பார்கள், நமக்கு நிமிடம் போதும்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் வரிசை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உட்கார்ந்தது 12, நின்றது 15, நடந்தது 9, ஓடியது 4. அந்த நடையிலும் பாதிக்கு மேல் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கியதும் திரும்ப ஏறியதும்தான். கீழே வந்ததும் வரிசை, அட்டெண்டன்ஸ். பிறகு கைகளை விரித்து மடக்கும் பயிற்சி கொஞ்சம். அதன் பிறகு 43 பேருக்கு ஒரே ஒரு ஃபுட்பால். பந்தோடு பன்னிரண்டு பையன்கள் ஓட, மீதிப் பேர் எல்லைக்கோட்டில் நின்றார்கள். அவள் படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து தோழியின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் சொல்லவில்லை.

பீரியடில் பாதி நேரமாவது பிள்ளைகள் வேகநடையிலோ ஓட்டத்திலோ இருக்க வேண்டும் என்பது உலக அளவில் பலர் வைத்திருக்கும் இலக்கு. 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு உடல் இயக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இரண்டையும் உங்கள் தாளின் தலைப்பில் எழுதி, கீழே எண்களைப் போடுங்கள். கருத்து எதுவும் எழுதாதீர்கள். படிப்பவருக்கே புரிந்துவிடும்.

ஒரே ஒரு பீரியடை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. சின்ன வகுப்பு ஒன்று, நடு வகுப்பு ஒன்று, ஒன்பதாவதோ பதினொன்றாவதோ ஒன்று என்று பாருங்கள். நீங்கள் வரும் நாளில் நாலு புதுப் பந்து முளைக்கும், எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக ஓடுவார்கள். பரவாயில்லை. அதையும் எழுதிக்கொண்டு, இரண்டாம் முறை வேறு கிழமையில் போங்கள்.

4. உடல்தகுதிச் சோதனை: புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம்

மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் சோதனைகளே போதும். முதல் மூன்று வகுப்புகளுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு), ஒற்றைக்காலில் நிற்கும் ஃபிளமிங்கோ பேலன்ஸ், இரண்டு வட்டத் தட்டுகளைக் கையால் மாறி மாறி வேகமாகத் தொடும் பிளேட் டேப்பிங். நாலாவது முதல் பன்னிரண்டாவது வரை பி.எம்.ஐ.யோடு 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டமோ நடையோ, உட்கார்ந்து முன்னால் குனிந்து எட்டும் சோதனை, வயிற்றுத் தசைக்கான கர்ல்-அப், புஷ்-அப். பள்ளி பதிவு செய்து பி.இ. ஆசிரியர்கள் எண்களை ஏற்றுவதற்கு மொபைல் ஆப்பும் உண்டு. பல பள்ளிகளில் ஏற்கெனவே ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்திருப்பார்கள். அதைக் கேட்டுப் பாருங்கள், பழைய எண் இருந்தால் ஒப்பிட வசதி.

"எங்களிடம் 600 மீட்டர் ஓட இடம் இல்லையே" என்பார்கள். 20க்கு 10 மீட்டர் செவ்வகம் போட்டால் சுற்றளவு 60, பத்துச் சுற்று 600. மூலையில் திரும்ப வேண்டியிருப்பதால் நேரம் கூடும், அதனால் இந்த எண்ணை வேறு பள்ளியோடு ஒப்பிட முடியாது, அதே பிள்ளையின் அடுத்த வருட எண்ணோடு ஒப்பிடலாம். 50 மீட்டருக்கு நேர்க்கோடு வேண்டும், முடிவில் நிற்க இடமும் வேண்டும். இடம் இல்லையா, விட்டுவிடுங்கள். சுவரைப் பார்த்து ஓடி மணிக்கட்டு முறிந்தால் பிறகு எதுவும் பேச முடியாது.

எடையை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று எழுத்திலேயே கேளுங்கள். ஆறாவது, ஏழாவது பிள்ளைகள் அதற்குப் பயந்தே அன்றைக்கு லீவு போடுவார்கள்.

5. பிள்ளைகளிடம் நாலு கேள்வி

பேர் எழுதாத ஒரு துண்டுச் சீட்டு போதும். போன வாரம் எத்தனை நாள் உண்மையில் விளையாடினாய்? விளையாடாத நாளில் காரணம் என்ன? எந்த விளையாட்டு வேண்டும்? பயமோ கூச்சமோ இருக்கிறதா?

பெண்பிள்ளைகளின் பதில்களைத் தனியாக எடுத்து வைத்துப் படியுங்கள். கேம்ஸ் நாளில் டிராக் பேன்ட் போட்டு வர அனுமதி இல்லை, மாதவிடாய் நாளில் ஆண் ஆசிரியரிடம் சொல்லக் கூச்சம், மைதானத்துக்குப் பக்கத்துக் கழிப்பறை பூட்டியிருக்கிறது, இப்படித்தான் வரும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய பணமே வேண்டாம். உடல் ஊனமுள்ள பிள்ளைக்குக் கேம்ஸ் பீரியடில் ஸ்கோர் எழுதும் வேலை மட்டும்தான் தருகிறார்களா என்றும் பாருங்கள். அது விளையாட்டில் சேர்த்துக்கொண்டதாக ஆகாது.

6. செலவில்லாத மாற்றங்களை முதலில் கேளுங்கள்

மைதானத்தில் செயற்கைப் புல், புது பாஸ்கெட்பால் கோர்ட் என்று ஆரம்பித்தால் பேச்சு பட்ஜெட்டில் போய் நின்றுவிடும். கீழே உள்ளவற்றில் இருந்து ஆரம்பியுங்கள்.

பி.இ. சாரை அரேஞ்ச்மென்ட்டுக்கு அனுப்புவது கடைசி வழியாக இருக்கட்டும் என்று ஒரு எழுத்து உத்தரவு. கேம்ஸ் பீரியடை இரண்டு இரண்டாகச் சேர்ப்பது: மூன்றாம் மாடி ஏறி இறங்கும் நேரம் பாதியாகும். (தினம் ஒன்று என்ற விதி உள்ள வகுப்புகளில் இதை வலியுறுத்தாதீர்கள், அங்கே அந்த விதியே நமக்கு லாபம்.) அட்டெண்டன்ஸை மெதுவோட்டத்தின்போதே எடுப்பது. பதினொரு பேர் அணிக்குப் பதில் ஐந்துக்கு ஐந்தாக நாலு சின்ன மைதானம் போடுவது. இப்படிச் செய்தால் 40 பேரும் ஒரே நேரத்தில் பந்தின் பக்கத்தில் இருப்பார்கள்.

டெல்லிக்கே உரிய இன்னொன்று: டைம்டேபிள் இரண்டு வேண்டும். ஏப்ரல், மே, ஜூலையில் முதல் பீரியடுகள்தான் விளையாடத் தோதானவை, பத்து மணிக்கு மேல் தரை கொதிக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை நேர்மாறு. குளிர்காலக் காலையில் புகை தரையோடு தங்கிவிடும், மதியம் கொஞ்சம் கலையும். ஒரே டைம்டேபிளை வருடம் முழுக்க ஓட்டினால் ஏதோ ஒரு வகுப்பு ஒவ்வொரு பருவத்திலும் மாட்டும். காற்றுத் தரக் குறியீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் "சமீர்" ஆப்பில் பார்க்கலாம். 101 முதல் 200 வரை மிதமானது, 201 முதல் மோசம், 301 முதல் மிக மோசம், 401 முதல் கடுமை. எந்த எண்ணில் ஓட்டம் நிற்கும், எந்த எண்ணில் பிள்ளைகள் வெளியே வரவே கூடாது என்று பள்ளி முன்கூட்டியே எழுதி ஒட்ட வேண்டும். அரசு உத்தரவு வந்தால் அதுவே முடிவு. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவாக இருக்கட்டும். உள்ளே அடைபட்ட நாட்களில் மூச்சு வாங்காத வேலைகள்: யோகா, கேரம், விதிகள், முதலுதவி. வகுப்பறைக் காற்று வெளிக்காற்றை விடப் பெரிதாகச் சுத்தம் என்று நினைத்து உள்ளேயே குதிக்க வைக்க வேண்டாம்.

7. செலவு

ஒரு வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்று வைத்தால் நாலு பேருக்கு ஒரு பந்து வேண்டும். நான் விசாரித்த வகையில்: சாதாரண ஃபுட்பால் 300 முதல் 600 ரூபாய், பத்து வாங்கினால் 3,000 முதல் 6,000. ஸ்கிப்பிங் கயிறு 40க்கு 2,400 முதல் 4,000. 50 கோன் ஒரு செட் 400 முதல் 800. அளவு நாடா 300 முதல் 500. ஆக 6,000த்திலிருந்து 11,500க்குள் முடியும். ஒரே செட்டை எல்லா செக்ஷனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். மொத்தமாக வாங்குவதாக இருந்தால் மீரட் சூரஜ்குண்ட் சந்தையில் விலை கேட்டுப் பாருங்கள், டெல்லியில் விற்கும் சரக்கில் நிறைய அங்கிருந்து வருவதுதான். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்காதீர்கள், ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்ற முடியாது.

அரசுப் பள்ளிக்கு சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டத்தில் விளையாட்டுப் பொருளுக்கென்று வருடாந்திர மானியம் உண்டு: தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை. வந்ததா, என்ன வாங்கினார்கள் என்பதை எஸ்.எம்.சி. கூட்டத்தில் கேளுங்கள். வாங்கிய பொருள் அலமாரியில் பூட்டிக் கிடப்பதும் உண்டு, சாவி யாரிடம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். பந்து தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று பயந்து பூட்டி வைக்கும் சார்கள் இருக்கிறார்கள். தேய்ந்ததையும் தொலைந்ததையும் வருடம் ஒருமுறை முறையாகக் கழித்துவிட வழி செய்தால் பூட்டு தானாகத் திறக்கும்.

தனியார் பள்ளியில் பி.இ.யை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கும் யோசனை வரலாம், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் ஏறும். கலர் கலராக ரிப்போர்ட் கார்டு தருவார்கள். ஒப்பந்தத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது: கோச் மாறினால் எத்தனை நாளில் மாற்று ஆள், ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், போலீஸ் வெரிஃபிகேஷன் யார் பொறுப்பு, மழைக்கும் புகைக்கும் நின்ற பீரியடுக்கு ஈடு உண்டா. கையெழுத்தாகும் முன்னால் மூன்றாம் படியில் சொன்ன எண்ணிக்கையை அந்த நிறுவனம் ஏற்கெனவே நடத்தும் வேறொரு பள்ளியில் போய் எண்ணிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்கினால் யோசியுங்கள்.

8. எந்த மாதம் எதை

கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. புது டைம்டேபிள் மார்ச்சில் தயாராகும், பொருள் வாங்கும் பணமும் மார்ச் 31க்குள் செலவாக வேண்டும். ஜூலையில் போய்க் கேட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பதுதான் பதில், அது பொய்யும் இல்லை. அதனால்:

ஆகஸ்ட், செப்டம்பர்: தாள்கள் வாங்குவது, பீரியடுகளை எண்ணுவது.
அக்டோபர் முதல் பாதி: உடல்தகுதிச் சோதனை. தீபாவளிக்கு முன் முடித்துவிடுங்கள், பிறகு காற்று விடாது.
நவம்பர், டிசம்பர்: துண்டுச் சீட்டு, இரண்டு பக்க அறிக்கை.
ஜனவரி: பிரின்சிபாலோடு சந்திப்பு, குழுக் கூட்ட அஜெண்டாவில் இடம்.
பிப்ரவரி: டைம்டேபிள் போடும் பொறுப்பாசிரியரோடு உட்காருவது. உண்மையான அதிகாரம் பல பள்ளிகளில் இவர் கையில்தான்.

அறிக்கையைப் பிரின்சிபாலுக்குக் கொடுக்கும் முன் பி.இ. சாரிடம் காட்டுங்கள். அவர் மேல் புகார் எழுதுகிறோம் என்று நினைத்தால் எல்லாக் கதவும் மூடும். உண்மையில் அவருக்கும் வயிற்றெரிச்சல் இருக்கும்: கேட் டியூட்டி, அசெம்ப்ளி, டிசிப்ளின், ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் அவர் தலையில்தான். நாங்கள் காட்டியபோது எங்கள் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், அரேஞ்ச்மென்ட் கணக்கை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாங்க" என்றார். அப்படியே செய்தோம்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எண்களை முன்கூட்டியே போடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் பேச்சு கேன்டீன் சமோசாவுக்கும் பஸ் கட்டணத்துக்கும் போய்விடும், ஸ்க்ரீன்ஷாட் பிரின்சிபாலுக்குப் போய்விடும்.

கேட்பது மூன்றுக்கு மேல் வேண்டாம். முடிவானதைக் கூட்டக் குறிப்பில் பொறுப்பாளர் பெயரோடும் தேதியோடும் எழுதச் சொல்லுங்கள். பள்ளி அளவில் ஒன்றுமே நகரவில்லை என்றால் அடுத்த படி, டெல்லி அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் கல்வி இயக்ககத்தின் மாவட்ட துணை இயக்குநர், கேந்திரிய வித்யாலயாவுக்கு அதன் மண்டல அலுவலகம். முத்திரை வாங்கிய நகல்கள் அங்கேதான் வேலைக்கு வரும்.

9. மறுபடி அளப்பது

கோடை விடுமுறை முடிந்து ஜூலை கடைசியில் பீரியடை ஒருமுறை எண்ணுங்கள். டைம்டேபிள் மாறியது தரைக்கு வந்ததா என்று தெரியும். உடல்தகுதி எண்களை அக்டோபரோடு அக்டோபர்தான் ஒப்பிட வேண்டும். மே வெயிலில் ஓடிய 600 மீட்டரையும் அக்டோபரில் ஓடியதையும் பக்கத்தில் வைத்தால் வெயில்தான் தெரியும். பிள்ளைகள் வளர்கிற வயதில் இருப்பதால் ஓட்ட நேரம் தானாகவே குறையும், அதை முழுக்கத் திட்டத்தின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். உ, நி, ந, ஓ கணக்கு மாறியிருந்தால் அதை நம்பலாம்.

கோப்பை இரண்டு செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பள்ளியில், மற்றொன்று குழுவில் அடுத்த வருடமும் இருக்கப் போகிற ஒருவர் வீட்டில். நமக்கும் மாற்றல் வரும், பி.இ. சாருக்கும் வரும், பிரின்சிபாலுக்கும் வரும்.